குளிர்காற்று ஆசை

காற்றின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் கூடும். அடர்ந்த காற்றால் என்ஜினின் இழுவை கூடும் என்று இந்தக் கணக்கை நம்பித்தான் பலர் காரின் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, வீட்டிலேயே பிவிசி குழாயும் கூம்பு ஃபில்டரும் பொருத்துகிறார்கள். கணக்கு சரி, செய்முறைதான் தவறு. பானெட்டுக்குள் திறந்து நிற்கும் ஃபில்டர் என்ஜின் சூடேற்றிய காற்றையே உறிஞ்சுகிறது. பெரும்பாலான கார்களில் கம்பெனிக் குழாயோ முன்பக்க கிரில்லை ஒட்டி வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. உறுமல் கூடுகிறதே, இழுவையும் கூடியிருக்காதா என்பார்கள். பெட்டி அடக்கி வைத்திருந்த சத்தம் வெளியே கேட்கிறது, அவ்வளவுதான். குழாயைப் பம்பருக்குக் கீழே இறக்கினால் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் மழைநீர் தேங்கிய சாலையில் அதே குழாய் தண்ணீரை இழுக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். அழுக்கேறிய ஃபில்டரையும் விரிசல் விட்ட குழாயையும் மாற்றுங்கள், பெட்டியில் கை வைக்காதீர்கள்.