அம்மாவிடம் பிடித்த தொண்ணூறு ரூபாய்

தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. அன்று காலையிலேயே ஏஜெண்டிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப் வந்துவிட்டது: "சார், இப்ப போட்டுடலாமா?"

அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்து ஐந்து லட்ச ரூபாய்க்கு ஒரு பாலிசி. முந்தைய வருடம் அவர் சொன்ன தொகை 42,000. அதில் வரி மட்டும் ஆறாயிரத்துச் சொச்சம். வரி போன பிறகு புதுக் கணக்கு 39,000. ஆறாயிரம் குறைந்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். "அப்பாவுக்கு ஒரு வயசு கூடிடுச்சே சார்" என்றார்.

அம்மா நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். மாதச் சம்பளம் 12,000. அந்த பிரீமியம் அவருடைய மூன்று மாத உழைப்பை விழுங்கி, அதற்கு மேலும் கேட்கும். என் உதவித்தொகையிலிருந்து கட்டலாம். அது வருகிற மாதங்களில். அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், காலில் ஆறாத புண். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "புண்ணுக்குக் கட்டு கட்டிக்கிட்டு வர்றது அதுல சேருமாடா தம்பி?" சேராது. படுக்கையில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய் என்பதால் மூன்று வருடம் வரை காத்திருக்கவும் வைக்கலாம்.

இந்த வரியைச் சுற்றித்தான் நம் அரசியல்வாதிகள் ஒரு வருடத்துக்கும் மேல் சண்டை போட்டார்கள். 2024 ஜூலையில் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரியே நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஆகஸ்டில் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நாடாளுமன்ற வளாகத்தில் பதாகை ஏந்தினார்கள். வரியை நீக்கியது நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிரீமியம் கட்ட முடிந்தவர்களின் ரசீதுக்குள்ளேயே அந்த விவாதம் தொடங்கி, அங்கேயே முடிந்துபோனது.

இத்தனைக்கும், அம்மாவுக்குக் கட்டுப்படியாகும் குடும்பக் காப்பீடு இந்த நாட்டில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதன் பெயர் இ.எஸ்.ஐ. தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். அம்மாவின் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டால் மாதம் 90 ரூபாய் அவருடையது, 390 ரூபாய் ஒப்பந்ததாரருடையது. இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 5,760 ரூபாய். இதில் கணவருக்கும் மருத்துவம் உண்டு. புற நோயாளி சிகிச்சை உண்டு, மாத்திரை உண்டு, கட்டும் உண்டு. வயது கூடினால் தொகை கூடாது. ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. உரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், உடம்பு முடியாமல் வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாட்கள் வரை. எந்தத் தனியார் குடும்ப பாலிசியில் இது கிடைக்கும்?

இந்தத் திட்டத்துக்கான விதை 1943இல் போடப்பட்டது. தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டை ஆராயும் பொறுப்பு பி.பி.அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1944இல் அறிக்கை வந்தது; 1948இல் சட்டமானது. காப்பீடு முழுவதும் அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும் என்று 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' நூலில் எழுதியவரும் அவரே. ஏப்ரல் 14 அன்று மாலை போடும் கட்சிகள் எதுவும் இந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை.

அம்மாவிடம் அந்த 90 ரூபாய் மாதாமாதம் பிடிக்கப்படுகிறது. "பி.எஃப்., இ.எஸ்.ஐ. போகத்தான் இவ்வளவு" என்று மேற்பார்வையாளர் சொல்வார். அட்டை கேட்டால் "வரும்". எட்டு வருடங்களில் மூன்று ஒப்பந்ததாரர்கள் மாறிவிட்டார்கள், அட்டை வரவில்லை. எங்கள் தெருவிலிருந்து இந்த வேலைக்குப் போகும் ஒருவரிடமும் அட்டை இல்லை. ஊர்த் தெருவிலிருந்து இந்த வேலைக்குப் போகிறவர் ஒருவரும் இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது. 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கிய அந்தத் திட்டம் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, என் சித்தியின் இதய அறுவை சிகிச்சை உட்பட. ஆனால் அதன் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000, அதாவது மாதம் பத்தாயிரம். அம்மாவின் வருமானம் 1,44,000. குறைத்துச் சொல்லிச் சான்று வாங்கு என்று அதே அலுவலகத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். உழைத்து வாங்கும் சம்பளத்தை மறைத்துவிட்டு, ஏழை என்று நிரூபித்துக் கையேந்து என்கிறார்கள். சட்டப்படி தன் கூலியில் பிடித்துக் கட்டிய காப்பீட்டை அவர் உரிமையோடு கேட்கலாம். அதைத்தான் ஒப்பந்த முறை பறித்து வைத்திருக்கிறது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டது, தனியாரிடம் தள்ளாதே, வேலையை நிரந்தரமாக்கு என்று. 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு அறிவித்தவற்றில் காலை உணவு இருந்தது, பணியில் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்ச ரூபாய் இருந்தது. பணி நிரந்தரம் இல்லை. செத்தால் என்ன கிடைக்கும் என்று அவர்கள் கேட்கவே இல்லை.

ஏஜெண்டுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. போன மாதம் சங்கத் தோழர் ஒருவருடன் அம்மாவை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அவர் ஆதாரைக் கொண்டு தேடியதில் இரண்டு எண்கள் கிடைத்தன. ஒன்றில் ஏழு மாதச் சந்தா மட்டும் கட்டப்பட்டிருந்தது. இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. மூன்றாவது ஒப்பந்ததாரர், அதாவது இப்போது இருப்பவர், அவரைப் பதிவே செய்யவில்லை. எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தோம். திரும்பி வரும்போது அம்மா பேருந்தில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார், எட்டு வருடத்துக்குத் தொண்ணூறு தொண்ணூறாக. அடுத்த நாள் அவர் வேலைக்குப் போனபோது கூட வேலை பார்க்கும் பதினொரு பேர் தங்கள் ஆதார் நகலைக் கொடுத்து அனுப்பினார்கள்.