குவாண்டம் ஆய்வும் குடிமக்களின் மொழியும்

பல்கலைக்கழகப் பாடங்களைத் தாய்மொழியில் நூலாக்குவதற்கென்று திருவனந்தபுரத்தில் 1968-இல் கேரள மொழி நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்து விதுராவில், மத்திய அரசு 2008-இல் நிறுவிய இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் (ஐசர்) இயங்குகிறது. குவாண்டம் தகவலியல் அங்கு ஆராயப்படும் துறைகளுள் ஒன்று. ஆராய்வோரும், அறிவியலை மக்கள் மொழியில் எழுதிப் பழகியோரும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றனர். இத்தகைய வாய்ப்பு எல்லா நகரங்களுக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும், நூல் என்பது நிலைபெற்றுவிட்ட பாடத்தைச் சொல்வது. நடந்துகொண்டிருக்கும் ஆய்வை நாளிதழ் வாசகருக்குச் சொல்வது வேறு பணி. அப்பணி யாருடையது?

இக்கேள்வியில் மக்கள் பணமும் அடங்கியிருக்கிறது. தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எட்டு ஆண்டுகளுக்கு ரூ.6,003.65 கோடி. அதே 2023-இல், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின்கீழ் 1989 முதல் அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற ‘விஞ்ஞான் பிரசார்’ அமைப்பு மூடப்பட்டது. அதன் பணியில் குறைகள் இருந்திருக்கலாம். குறையைக் களைவதற்குப் பதிலாக அமைப்பையே களைந்ததை நியாயப்படுத்த முடியாது.

விளக்கம் இல்லாத இடத்தில் என்ன நேர்கிறது என்பதற்குக் கேரளம் ஈன்ற ஓர் அறிஞரின் கண்டுபிடிப்பே சான்று. கோட்டயம் மாவட்டம் பள்ளத்தில் 1931-இல் பிறந்து, தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர் இ.சி.ஜி. சுதர்சன். அவரும் வைத்தியநாத் மிஸ்ராவும் 1977-இல் வெளியிட்ட கட்டுரை, இடைவிடாது நோக்கப்படும் நிலையற்ற துகள் சிதையாது என்று காட்டியது. இதற்கு ‘குவாண்டம் ஜீனோ விளைவு’ என்று பெயர்.

இங்கே ‘நோக்குதல்’ என்ற சொல்தான் வம்பு. தமிழிலும் மலையாளத்தின் ‘நிரீட்சணத்திலும்’ ஒரு கண் ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் ஒரு மனம். உடனே, மனத்தின் ஆற்றல் பொருளை மாற்றுகிறது என்று மேடையேறிப் பேசுவோர் வந்துவிடுகின்றனர். அமெரிக்காவின் கொலராடோவில் 1990-இல் வெளியான சோதனையில், ஏறத்தாழ 5,000 பெரிலியம் அயனிகள் வானொலி அலையால் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தள்ளப்பட்டன. கால் நொடியளவே ஆகும் அம்மாற்றத்தின் ஊடே 64 முறை ஒளித்துடிப்பு பாய்ச்சியபோது, மாற்றம் ஏறக்குறைய நின்றே போயிற்று. அயனிகளை ‘நோக்கியது’ அந்த ஒளித்துடிப்பு. மனிதக் கண்ணன்று, மனமும் அன்று. ‘அளவீடு’ என்று எழுதியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். இயற்பியலும் மொழியும் ஒருங்கே அறிந்தவரே இதைச் செய்ய இயலும்.

மறுபுறம் வணிக நிறுவனங்களின் ஆரவாரம். மைக்ரோசாப்ட் 2025 பிப்ரவரியில் ‘மஜோரனா-1’ என்ற சில்லை அறிவித்தது. முன்வைத்த சான்று போதாது என்று இயற்பியலாளர் பலர் கேள்வி எழுப்பினர். அறிவிப்புக்குக் கிடைக்கும் தலைப்பு கேள்விக்குக் கிடைப்பதில்லை. எதை நம்பலாம், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று எடைபோட்டுச் சொல்லும் எழுத்து தாய்மொழியில் இருந்தால்தான் வாக்காளர் ரூ.6,003 கோடியைப் பற்றி ஏதேனும் கேட்க முடியும்.

கணிதம் இன்றி குவாண்டத்தை விளக்க முடியாது என்பார் உண்டு. முழுமையாக விளக்க முடியாதுதான். அமைதிப் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டத்தை எதிர்த்தபோது, 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் சூழலியல் முழுவதையும் மக்களுக்குக் கற்பிக்கவில்லை. முடிவெடுக்கத் தேவையானதைச் சொன்னது. காட்டைக் காட்டிப் பேசும் வசதி குவாண்டத்துக்கு இல்லை என்பது உண்மை. ஆகவேதான் தன்னார்வத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. சம்பளம் பெறும் எழுத்தாளர் வேண்டும்.

இயக்கத்தின் நிதி பெறும் ஒவ்வோர் ஆய்வும் இந்திய மொழி ஒன்றில் இரண்டு பக்க விளக்கத்துடன் வெளிவர வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது கடினமன்று. அவ்விளக்கத்தைச் செப்பனிடும் பணியைத் திருவனந்தபுரம் மொழி நிறுவனம் போன்ற அமைப்புகளிடம் ஒப்படைத்து, அதற்கென நிதியும் ஒதுக்கலாம். இயக்கத்தின் காலம் 2030-31 வரை மட்டுமே.