தேயிலைச் செடிக்கு உண்டு, தொழிலாளிக்கு இல்லை!

மலைநாட்டிலே தேயிலைச் செடிக்கு ஒரு பேறு வாய்த்திருக்கின்றது. அது மண்ணில் ஊன்றப்படுமுன்னரே அதனைப்பற்றிச் சிந்திப்போர் உளர். நாற்றுமேடையில் அதற்கு நிழல் எவ்வளவு வேண்டும், இளஞ்செடிக்கு எந்த உரம் ஏற்றது, எத்தனையாம் ஆண்டில் கவ்வாத்து வெட்ட வேண்டும், முதிர்ந்த செடியை எப்பொழுது பிடுங்கிப் புதுச்செடி வைக்க வேண்டும் என்றெல்லாம் ஆராய்ந்து சொல்லுவதற்கு 1925-இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இன்றும் இயங்கி வருகின்றது. எந்த மலை எந்த ஆண்டில் நடப்பட்டது, எப்பொழுது கடைசியாகக் கவ்வாத்து வெட்டப்பட்டது என்பதைத் தோட்டத்து அலுவலகப் புத்தகம் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும்.

அந்தச் செடியிலே கொழுந்து கொய்யும் பெண்ணைப்பற்றி இவ்வாறு சொல்லக்கூடிய ஒருவர் இருக்கின்றாரா? அவள் பிறந்தபோது அவள் நிறை என்ன? பிள்ளைக் காம்பராவில் வளர்ந்த காலத்தில் அவள் வயிறார உண்டாளா? அவள் தாய்க்கு இரத்தச்சோகை இருந்ததா? தந்தை எந்நோயால் மாண்டான்? இவற்றை எல்லாம் அறிந்து, இன்று அவளுக்குள்ள தலைச்சுற்றலுக்கு மருந்து கொடுக்கும் வைத்தியர் ஒருவரை நுவரெலியாவிலோ அட்டனிலோ மஸ்கெலியாவிலோ தேடிப் பாருங்கள். கிடைப்பது அரிது. செடிக்கு வாழ்நாள் முழுவதும் கவனிப்பு உண்டு; அதனைப் பேணும் மனிதருக்கு இல்லை. இந்த நிலை வெட்கத்துக்குரியது.

மலைநாட்டில் வைத்தியசாலையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கின்றது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில் கொண்ட வைத்தியசாலையை 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நேரில் வந்து திறந்து வைத்தார். கட்டடம் உண்டு, கருவியும் ஓரளவு உண்டு. நாம் கேட்பது வேறு. அக்கட்டடங்களில் பணியாற்றுவோர் எவ்வாறு பயிற்றப்படுகின்றனர் என்பதே நம் கேள்வி.

கருவுற்றவளை மருத்துவ மாது பார்க்கின்றாள். பிரசவத்தை வைத்தியசாலை பார்க்கின்றது. குழந்தையைத் தடுப்பூசிக் கிளினிக் பார்க்கின்றது. காய்ச்சல் வந்த தொழிலாளியைத் தோட்ட வைத்திய உதவியாளர் பார்க்கின்றார். முதியவரை அநேகமாக எவரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் அட்டை. ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் அலுவலகம். அட்டைகள் உள, அவற்றை ஒன்றாக வைத்து வாசிப்பார் இலர்.

இதனால் வரும் கேடு சிறிதன்று. 2016-ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இன்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். தோட்டப்புறத்திலோ அத்தொகை நூற்றுக்கு ஏறக்குறைய 32. அதாவது மூன்றில் ஒரு குழந்தை! இதனைக் குழந்தைப் பருவத்து நோய் என்று மட்டும் கருதுவது தவறு. வளர்ச்சி குன்றிய பெண் குழந்தை சிறுத்த மேனியுடைய மங்கையாகின்றாள். இரத்தச்சோகையுடன் மலையேறி நாள்தோறும் கொழுந்துக் கூடை சுமக்கின்றாள். அவள் ஈன்றெடுக்கும் பிள்ளை நிறை குறைந்து பிறக்கின்றது. நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்கு நடுவயதில் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் மாரடைப்பும் வரும் அபாயம் ஏனையோரைவிட மிகுதி என்பது மருத்துவ உலகம் இன்று ஏற்றுக்கொண்ட உண்மை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம் விவசாயி சொல்லுவது வயலுக்கு மட்டுமா பொருந்தும்?

ஆகவே தாயின் சோகையும், மகளின் குறுகிய மேனியும், பேரனின் நிறைக்குறைவும், பாட்டனின் நீரிழிவும் நான்கு நோய்கள் அல்ல. ஒரே நூலில் கோத்த நான்கு முடிச்சுகள் அவை. ஒரு முடிச்சை மட்டும் காணப் பயின்றவர் நூலைக் காண மாட்டார். கருவிலிருந்து கட்டை வேகும் வரை ஒரு குடும்பத்தை ஒரே பார்வையில் பார்க்கப் பயின்றவரே அதனை அவிழ்க்க வல்லவர்.

இந்தப் பார்வை தோட்டங்களில் ஏன் வளரவில்லை? அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. தோட்டங்களின் வைத்தியத் தேவைக்கென வெள்ளையர் ஆட்சி 1872-இலும் பின்னர் 1912-இலும் சட்டம் இயற்றிற்று. தாயையும் சிசுவையும் பற்றிய விதிகள் சிலவும் காலப்போக்கில் சேர்ந்தன. ஆயினும் அடிநோக்கம் ஒன்றே: பெரட்டுக்கு வரும் கைகள் குறையக்கூடாது. செக்ரோலில் பேர் இருக்கும் வரையில் மனிதன் கணக்கில் இருந்தான். பேர் விழாத குழந்தையும் பேர் வெட்டப்பட்ட கிழவனும் வெறும் சுமையாக எண்ணப்பட்டனர். சுதந்திரம் வந்தபின் 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர் ஆக்கிற்று. நாடற்றவருக்கு நாட்டின் சுகாதார சேவை எங்ஙனம் முழுமையாய்க் கிட்டும்? எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003-இல் சட்டத்தின் மூலம் பிரஜாவுரிமை கிடைத்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலையோ 1990-களில் தொடங்கி, இன்னும் முற்றுப்பெறாமல் கிடக்கின்றது.

இன்று லயங்களில் வாழ்வோருள் மிகச் சிறு பகுதியினரே தோட்டத்தின் பதிவுத் தொழிலாளர். பிள்ளைகளும், கொழும்புக் கடைகளில் வேலை செய்து திரும்பும் இளைஞரும், வெளிநாடு சென்று மீண்ட பெண்களும், வேலை ஓய்ந்த முதியோருமே பெரும்பான்மையினர். செக்ரோலுக்கென அமைந்த வைத்தியம் இவர்களுக்கு எப்படிப் போதும்? வேலை செய்வோருக்குத்தான் அது போதுமா? முப்பத்தைந்து வயதைக் கடந்தோரின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க அரசாங்கம் சுகவாழ்வு நிலையங்களை அமைத்திருக்கின்றது, நல்ல ஏற்பாடு. ஆயின் நாட்கூலிக்கு உழைப்பவள் அங்குச் சென்று ஒரு பொழுது காத்திருந்தால் அன்றைய பேர் போய்விடுமே! நோய் முற்றி விழும் வரை அவள் மலையில்தான் நிற்பாள். இந்த உண்மையை அறியாத வைத்தியர், ‘ஏன் முன்னமே வரவில்லை?’ என்று அவளையே கடிந்துகொள்வார்.

வேல்ஸ் நாட்டின் கதை ஒன்றை இங்கே நினைவூட்ட விரும்புகின்றோம். கிளின்கோரூக் என்னும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஊரில் 1961-இல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வைத்தியர் குடியேறினார். நோயாளி தம்மைத் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஊரில் வயது வந்தோர் அனைவரது இரத்த அழுத்தத்தையும் தாமே தேடிச் சென்று பார்த்தார். மருத்துவம் எங்கு மிகத் தேவையோ அங்கேயே அது மிகக் குறைவாகக் கிடைக்கின்றது என்னும் கொடிய விதியை 1971-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ ஏட்டில் அவர் எடுத்துரைத்தார். கால் நூற்றாண்டு கழிந்து கணக்குப் பார்த்தபோது, அவ்வூரில் அகால மரணம் அயலூரைவிடக் குறைந்திருந்தது. பெரிய கருவி எதனாலும் அது நேரவில்லை. ஒரே வைத்தியர் ஒரே மக்களுடன் நெடுங்காலம் தங்கியதனால் நேர்ந்தது. சுரங்கத்து ஏழைக்கு இயன்றது தோட்டத்து ஏழைக்கு இயலாதா?

இத்தகைய வைத்தியம் இலங்கைக்குப் புதியதும் அன்று. பொது வைத்தியர் கல்லூரி 1974-இல் இங்குத் தோன்றிற்று. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவகம் குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமாவும் எம்.டி. பட்டமும் வழங்குகின்றது. குழந்தை முதல் முதியோர் வரை, உடல் நோய் முதல் மனநோய் வரை, ஒரு குடும்பத்தின் முதல் வைத்தியராய் நின்று கவனிக்கக் கற்பிக்கும் துறை அது. அத்துறையின் பயன் தோட்ட லயங்களை இன்னும் போதிய அளவு எட்டவில்லை என்பதே நம் குறை.

பயிற்சி என்று பேசும்போது மொழியை மறக்கலாகாது. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். மகப்பேற்றுத் துயரையும் மனச்சோர்வையும் சாக்காட்டு அச்சத்தையும் சைகையால் உணர்த்த முடியுமா? 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் நம் இளைஞருக்கு மருத்துவம் கற்பித்தார். பின்னாளில் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவரிடம் பயின்றோர் 60-க்கு மேற்பட்டோர். மக்களின் மொழியில் பேசும் வைத்தியரே மக்களிடம் தங்குவார் என்பதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அந்நியர் உணர்ந்தார். தமிழும் அரச கரும மொழி என்று 1987-இல் அரசியலமைப்பில் எழுதிய நம் ஆட்சியாளர் இன்னும் உணரவில்லையே!

ஆகவே நாம் வேண்டுவன இவை.

முதலாவது: பேராதனை மருத்துவ பீடம் 1962 முதல் மலையடிவாரத்திலேயே இயங்குகின்றது. அதன் மாணவர் ஒவ்வொருவருக்கும் முதலாண்டிலேயே ஒரு லயத்தின் சில குடும்பங்களை ஒப்படைக்க வேண்டும். ஐந்தாண்டுப் படிப்பு முடியுமுன் அவர் அக்குடும்பங்களில் ஒரு பிறப்பையும், ஒரு குழந்தையின் வளர்ச்சியையும், ஒருவரின் நாட்பட்ட நோயையும், ஒருவேளை ஒரு மரணத்தையும் அருகிருந்து காண்பார். எந்தப் பாடநூலும் கற்பிக்க முடியாததை அது கற்பிக்கும்.

இரண்டாவது: டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளையும் அவற்றைச் சூழ்ந்த சிறு வைத்தியசாலைகளையும் குடும்ப மருத்துவப் பயிற்சி நிலையங்களாக்க வேண்டும். அங்குப் பயில்வோருக்கு உறைவிடமும், அவர் பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலையும், தமிழறியாதோர்க்குத் தமிழ்ப் பயிற்சியும் உறுதி செய்யப்பட வேண்டும்.

மூன்றாவது: இரவு பகலாக லயங்களுக்கு நடந்து உழைத்த தோட்ட வைத்திய உதவியாளரையும் மருத்துவ மாதரையும் புறந்தள்ளல் ஆகாது. அவர்களுக்கு முறையான மேற்பயிற்சியும் அரச அங்கீகாரமும் தருக. தோட்டத்துப் பிள்ளைகளையே தாதியராகவும் குடும்பநல உத்தியோகத்தராகவும் பயிற்றுக. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பெயர்க்கப்பட்ட நம் மலையக உறவுகள் பலர் வாழும் நீலகிரியிலே, கூடலூரில், 1990 முதல் ஆதிவாசிகளுக்கென ஒரு மருத்துவமனை நடைபெறுகின்றது. ஆதிவாசிப் பெண்களே அங்குத் தாதியராகப் பயிற்றப்பட்டனர். அங்கு ஆனது இங்கு ஆகாதா?

நான்காவது: குடும்பத்துக்கு ஒரு கோவை வேண்டும். பாட்டன் முதல் பேரன் வரை அனைவரது நோய் விபரமும் அதில் ஒன்றாய் இருத்தல் வேண்டும். மலைக்கு மலை கவ்வாத்துக் கணக்கு எழுதத் தெரிந்த நாட்டுக்கு இது எட்டாத வித்தை அன்று.

இவற்றுக்குச் சிலர் தடை கூறுவர். ‘விசேட வைத்தியர் அல்லவா வேண்டும்?’ என்பர். அவரும் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆயின் யாரை, எப்பொழுது அவரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிந்தவர் வாயிலில் இல்லையேல், அவரிடம் போய்ச் சேர்வோர் காலங்கடந்தே சேர்வர். ‘2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியரே நாட்டைவிட்டு ஓடுகின்றனர், மலைக்கு யார் வருவார்?’ என்பர். அதனாற்றான் மலையில் வேர்விட்டவரைத் தேர்ந்து பயிற்றுக என்கின்றோம். ‘செலவை யார் ஏற்பது?’ என்று அரசாங்கம் கம்பனிகளைக் கைகாட்டும். கம்பனிகள் அரசாங்கத்தைக் கைகாட்டும். 1992-இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் கைமாறிய நாள்முதல் நடக்கும் பந்தாட்டம் இது. வைத்தியரையும் தாதியையும் பயிற்றி அனுப்புதல் அரசின் கடன். கட்டடம், பாதை, வாகனம், கிளினிக்குக்குச் செல்லும் நாளின் சம்பளம் ஆகியவற்றைத் தருதல் கம்பனியின் கடன். இவ்வாறு சட்டத்தில் எழுதிவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும்.

மலையகத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளப் போராட்டம் வேண்டியதே. அதில் நாமும் உங்களோடு நிற்கின்றோம். ஆயின் கூடிய சம்பளத்தை வாங்கும் கை நாற்பது வயதில் நடுங்கினால், ஐம்பதில் விழுந்தால், யாருக்கு வெற்றி? அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் இக்கோரிக்கையையும் வையுங்கள். வடக்கு கிழக்கின் வைத்தியர்களே, ஆசிரியர்களே, உழவர்களே! மலைநாட்டுத் துயர் மலைநாட்டாருக்கு மட்டும் உரியதென்று ஒதுங்காதீர். உங்கள் பிள்ளை வைத்தியனாகி வெளியேறும்போது, ஓராண்டேனும் மலையில் பணியாற்றி வா என்று வாழ்த்தி அனுப்புங்கள்.

தலைமன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்த மக்கள், வழிநெடுகப் பிணங்களை விட்டுவிட்டே மலையேறினர். இருநூறு ஆண்டு நினைவாக 2023-இல் அவர்தம் வழித்தோன்றல்கள் மாத்தளை வரை அவ்வழியே மீண்டும் நடந்தனர். அந்நடையின் முடிவில் அவர் கேட்டது சலுகை அன்று. இந்நாட்டு மக்களாக முழுமையாய் மதிக்கப்படுதல். செக்ரோலில் பேர் இருக்கும் சில ஆண்டுகளுக்கு மட்டுமன்றி, பிறந்த நாள்முதல் இறுதி நாள்வரை தம்மை அறிந்த ஒரு வைத்தியரைப் பெறுதல் அம்மதிப்பின் ஒரு பகுதி. செடிக்குக் கொடுத்ததை மனிதருக்கும் கொடுங்கள் என்றே கேட்கின்றோம். இதனினும் குறைத்துக் கேட்க எமக்குத் தெரியவில்லை.