வாட் கணக்கில் வெயிலையும் சேர்க்க வேண்டும்

வார இறுதியில் விடிந்தும் விடியாத நேரத்தில் புத்ராஜெயா பக்கம் போனால், வரிசையாகச் செல்லும் மிதிவண்டிகளைப் பார்க்கலாம். அவர்களுள் டிரையத்லான் போட்டிக்குத் தயாராகிறவர்களை, அதாவது நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் செய்யப் போகிறவர்களை, அடையாளம் காண்பது எளிது. சாலையைப் பார்ப்பது பாதி, கைப்பிடியில் உள்ள சிறு திரையைப் பார்ப்பது பாதி. அந்தத் திரையில் அவர்கள் தேடும் எண் இப்போது வேகம் அன்று, வாட்.

பவர் மீட்டர் எனப்படும் திறன்மானி தரும் எண் அது. சில ஆயிரம் ரிங்கிட் கொடுத்து இதை வாங்குவது வீண் ஆடம்பரம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை உயர்ந்த கார்பன் சக்கரங்களில் கொட்டும் பணத்தைவிட இது நல்ல செலவு. என் குறை வேறு. குளிர்நாட்டுப் பயிற்சி நூல்களில் உள்ள விழுக்காட்டை எடுத்து, குளிரூட்டி போட்ட அறையில் அளந்த எண்ணோடு பெருக்கி, அதை லங்காவி வெயிலில் அப்படியே ஓட்டுகிறோம். அந்தக் கணக்கில் வெயில் விட்டுப்போகிறது.

முதலில் கருவியைப் பார்ப்போம். மூன்றாம் படிவ அறிவியலில் மாணவர்கள் ‘குவாசா’ என்று படிக்கும் அதே திறன்தான் இது. ஒரு விநாடியில் செய்யப்படும் வேலை. விநாடிக்கு 1 ஜூல் என்றால் 1 வாட். நாம் மிதிக்கும்போது கிராங்க் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டியுள்ள மெல்லிய உலோக இழை நீளும்போது அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து முறுக்கு விசையைக் கணக்கிட்டு, சுழலும் வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் 1986இல் இதை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். இன்று கிராங்கில் மட்டுமல்ல, பெடலிலும் பின்சக்கர அச்சிலும் பொருத்தியே கிடைக்கிறது. விலை மலிந்தவை பல, இடக்காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டுபவை. வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பார்த்து ஓட்டுவதைவிட இது ஏன் மேல்? வேகம் காற்றுக்கும் மேட்டுக்கும் ஏற்ப மாறும். நாம் செலவிடுவதை அது சொல்லாது. சமதரையில் நம்மைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்று. காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப்படி உயர்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 36க்குப் போனால் வேகக் கூடுதல் 20 விழுக்காடுதான். காற்றுக்குக் கொடுக்கும் திறனோ 73 விழுக்காடு கூடுகிறது. 1.2ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். முன்னால் போகிறவரை எட்டிப் பிடிக்கும் ஆசைக்கு உண்மையான விலை இதுதான். அதை அந்த நொடியிலேயே காட்டும் கருவி வேறு இல்லை.

இன்னொன்றையும் அது அம்பலப்படுத்தும். ஒருவர் ஒரு மணி நேரம் சீராக 200 வாட்டில் ஓட்டுகிறார். மற்றவர் அரை மணி 100 வாட், அரை மணி 300 வாட். இருவருக்கும் சராசரி 200. ஆனால் கால்கள் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. பயிற்சி மென்பொருள்கள் திறனின் நான்காம் அடுக்கைச் சராசரி எடுத்து, பிறகு நான்காம் மூலம் காண்கின்றன. அந்த முறையில் இரண்டாமவரின் எண் ஏறத்தாழ 253. மேட்டில் பாய்ந்து இறக்கத்தில் ஓய்வெடுக்கும் பழக்கம் ஏன் ஓட்டத்தில் கால்களைக் கட்டிப்போடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இப்போது வெயிலுக்கு வருவோம்.

திறன்மானி அளப்பது பெடலுக்குப் போய்ச் சேர்ந்ததை மட்டுமே. உடல் எரிக்கும் ஆற்றலில் அது நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். இதுவே தாராளமான கணக்கு. திரையில் 200 வாட் தெரிந்தால் உடலுக்குள் 600 வாட் வெப்பமாகிறது. பழைய 100 வாட் குண்டு பல்புகள் ஆறைச் சட்டைக்குள் எரியவிட்ட மாதிரி. வெளியேற வழியே இல்லையென்றால், 70 கிலோ எடையுள்ளவரின் உடல் ஏறத்தாழ 7 நிமிடத்தில் 1 பாகை சூடேறிவிடும்.

குளிர்நாட்டில் 15 பாகைக் காற்று அந்த வெப்பத்தில் ஒரு பெரும் பங்கைத் தானே எடுத்துக்கொண்டு போகும். நம் ஊரில் காற்று 32 பாகை, வியர்க்கும் தோல் 35 பாகையை ஒட்டி. இந்தச் சிறு வேறுபாட்டில் காற்று எடுத்துச் செல்வது மிகக் குறைவு. மீதி எல்லாம் வியர்வையின் தலையில். 1 கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். 600 வாட்டையும் அதுவே சுமந்தால் மணிக்கு 900 கிராம் ஆவியாக வேண்டும். கவனியுங்கள், ஆவியாக வேண்டும், சொட்டினால் போதாது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் பாதி வியர்வை கைப்பிடியிலும் காலணியிலும் வடிந்து போகிறது. தரையில் விழுந்த வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நீர்தான் நட்டம்.

இதற்கு உடல் காட்டும் எதிர்வினை இதயத் துடிப்பில் தெரியும். வெப்பத்தை வெளியேற்ற இரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது. வியர்வையால் இரத்த நீர் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் அளவு சுருங்குகிறது. ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்கிறது. திரையில் அதே 175 வாட்தான் நிற்கும். முதல் மணியில் 135ஆக இருந்த துடிப்பு நான்காம் மணியில் 150ஐத் தாண்டியிருக்கும். எண் மாறவில்லை, எல்லாம் சரியாகப் போகிறது என்று ஓட்டுகிறவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

மிதிவண்டியில் இருக்கும்வரை இந்தக் கடன் மறைந்தே இருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அடிக்கும் காற்று வியர்வையை ஓரளவு உலர்த்துகிறது. இறங்கி ஓடத் தொடங்கியதும் அந்தக் காற்று மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. அதே 70 கிலோ மனிதர் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் உடல் செலவிடுவது ஏறத்தாழ 800 வாட். சமதரையில் அது அநேகமாக முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. நேரமோ உச்சி வெயில். லங்காவி அயர்ன்மேனில் 180 கிலோமீட்டர் மிதித்த பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். பிற்பகலில் அங்கே நடந்து போகிறவர்கள் எல்லாரும் பயிற்சி போதாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பலர் காலையில் தங்கள் வாட் கட்டளையை அச்சுப் பிசகாமல் நிறைவேற்றியவர்கள்.

அந்தக் கட்டளை வரும் வழி எல்லாருக்கும் தெரிந்தது. 20 நிமிடம் முழு முயற்சியில் ஓட்டி, சராசரியை 0.95ஆல் பெருக்கினால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய திறன் கிடைக்கும். எஃப்.டி.பி. என்பார்கள். முழுத் தூரப் போட்டிக்கு அதில் 65 முதல் 75 விழுக்காடு என்பது பொதுவான பரிந்துரை. எஃப்.டி.பி. 250 என்றால் 70 விழுக்காடு, 175 வாட். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 250 எங்கே அளக்கப்பட்டது? வரவேற்பறையில், குளிரூட்டியின் கீழ், டிரெய்னரில் பூட்டிய வண்டியில் என்றால், அது வேறொரு தட்பவெப்பத்தின் எண். நாம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், வெயில் நமக்குப் பழக்கம்தானே என்பார்கள். உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் வெப்பத்தில் உழைக்க வேண்டும். விட்டுவிட்டால் பழக்கமும் போய்விடும். அலுவலகம், கார், உடற்பயிற்சிக்கூடம் எனக் குளிர்ந்த அறைகளிலேயே வாரத்தைக் கழித்து, ஞாயிறு விடியலில் மட்டும் வெளியே வருகிறவருக்குக் குடியுரிமை கைகொடுக்காது.

ஆகவே என் யோசனை: சோதனைகளில் ஒன்றையாவது வெளியில், போட்டி நடக்கும் நேரத்தில் செய்யுங்கள். தண்ணீரோடும் துணையோடும், தலைசுற்றினால் நிறுத்தும் மனத்தோடும். பிறகு குறித்த வாட்டில் மூன்று மணி நேரம் ஓட்டி, வாட்டை இதயத் துடிப்பால் வகுத்து, முதல் பாதியையும் பின் பாதியையும் ஒப்பிடுங்கள். விகிதம் 5 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தால், அந்த வாட் அந்த வெயிலுக்கு அதிகம். இதயத் துடிப்பும் முழு நம்பிக்கைக்குரியதல்ல. காப்பியும் தூக்கக் குறைவும் அதைக் கெடுக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். இணையம் வழி அட்டவணை அனுப்பும் வெளிநாட்டுப் பயிற்றுநரிடம் இந்த விகிதத்தையும் காட்டுங்கள். நல்லவர் என்றால் எண்ணைக் குறைப்பார்.

குறைத்தால் எவ்வளவு நேரம் போகும்? 175 வாட்டை 165 ஆக்கினால் வேகம் 2 விழுக்காடு அளவில் குறையும். ஆறு மணி நேரப் பயணத்தில் 7, 8 நிமிடம். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில் ஓட வேண்டியவர் கடைசி 12 கிலோமீட்டரைப் பத்து நிமிட நடையில் கடந்தால் இழப்பது 42 நிமிடம்.

கருவிக்கும் வெப்பம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். குளிர்ந்த அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே எடுத்த வண்டியின் உலோகம் வெயிலில் விரியும். சுமை இல்லாதபோதும் இழையின் மின்தடை சற்று நகரும். பெரும்பாலான கருவிகள் இதைத் தாமே ஓரளவு சரிசெய்தாலும், வண்டியை வெளியில் கால் மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகு பூச்சியத்தைச் சரிபார்த்துவிட்டு ஏறுங்கள்.