வாட் கணக்கும் வறட்டு கௌரவமும்

டெல்லிக் குளிர்காலப் புகையில் வெளியே சைக்கிள் மிதிக்க முடியுமா? வீட்டுக்குள் டிரெயினர்தான். போன மாசம் திரையில் 210 வாட்! கோவை மச்சானுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். பிறகு பார்த்தால், டயரை அழுத்தும் உருளையின் திருகு தளர்ந்திருக்கிறது...

மேட்டர் இதுதான் மக்களே. திறன் என்பது விசையும் வேகமும் சேர்ந்தது. பவர் மீட்டர் இல்லாவிட்டால் ஆப் பார்ப்பது சக்கர வேகத்தை மட்டும். விசை வெறும் ஊகம். திருகு தளர்ந்தால் சக்கரம் சும்மா சுற்றும், வாட் ஏறும். டயரில் காற்று குறைந்தால் கால் கடுக்கும், வாட் ஏறாது.

கலோரிக் கணக்கும் இந்த வாட்டிலிருந்துதான். அதை நம்பி ரெண்டு தோசை கூடுதலாக உள்ளே தள்ளினேன். சர்க்கரை டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்துத் தங்கமணி முறைத்த முறைப்பு இருக்கிறதே!

என் கட்சி: அதே காற்று, அதே திருகு வைத்து, போன மாச உங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். மச்சானோடு வேண்டாம் :)