குளக்கட்டை அளந்து வரைவோம்

2009இன் பின்னர் ஏ9 வீதியால் வடக்கே வரும் பயணிக்குக் காட்டுவதற்கென்றே வன்னியில் சில சின்னங்கள் எழுந்தன. கிளிநொச்சியில் கொங்கிறீற் கட்டியொன்றைப் பிளந்து எறிகணை குத்தி நிற்க, அதன் உச்சியில் தாமரை மலர்கிறது. புதுக்குடியிருப்பில் நீரின் நடுவே துப்பாக்கியும் கொடியும் ஏந்திய சிப்பாய் நிற்கிறார். யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் தகர்த்து வீழ்த்தப்பட்ட கிளிநொச்சி நீர்த்தாங்கி, விழுந்த கோலத்திலேயே காட்சிப் பொருளாக்கப்பட்டு, பக்கத்தில் நினைவுப்பொருள் கடையும் திறக்கப்பட்டது. அதே காலத்தில் கனகபுரத்திலும் முள்ளியவளையிலும் இருந்த மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. எதை நிறுத்துவது, எதை நிரவுவது என்ற தெரிவின் அரசியலைப் பலர் எழுதிவிட்டார்கள். கட்டடக்கலை, மரபுரிமைப் பேணுகை, பண்பாட்டுச் சுற்றுலா ஆகிய துறைகளில் வேலை செய்யும் எங்களிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. நாங்களும் வன்னியைப் பற்றிப் பேச வாயெடுத்தால் யுத்தச் சின்னங்களையும் மீள்குடியேற்ற வீடுகளையும் விட்டால் வேறொன்றும் சொல்வதில்லை. 2009இற்கு முன்னர் வெறுங்காடு, அதன்பின் கொங்கிறீற் என்ற சித்திரத்துக்கு எங்கள் தொழிலும் துணைபோகிறது. வன்னி மனிதர் ஆக்கிய மிகப் பெரிய, மிகப் பழைய வடிவமைப்பு குளம். அதைக் கட்டடமாக எண்ணி அளந்து, வரைந்து, விளக்கி, காட்டவேண்டிய கடமை எங்களுடையது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குளத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் அதன் வடிவமைப்பு தெரியும். அலைகரையில் மண் அரிக்காதபடி கல் பாவிய சரிவு, அகன்ற அடியிலிருந்து ஒடுங்கி உயரும் கட்டு, அதன் வயிற்றினூடாகப் போகும் துருசு, மிகை நீர் தானாக வெளியேறும் வான், கட்டின் நிழலில் வாய்க்கால், அதற்கப்பால் வயல், மேட்டில் ஊர், கட்டின் தலைப்பில் பிள்ளையாரோ ஐயனாரோ. இவற்றில் ஒன்றின் மட்டம் மாறினாலும் மற்றவை பிழைக்கும். மிகக் கடினமான பகுதி துருசுதான். நிரம்பிய குளத்தின் அழுத்தத்தோடு பாயும் நீரை மண் கட்டினூடாக வெளியே விடவேண்டும். கட்டு அரிக்கவும் கூடாது. பழையவர்கள் கட்டின் உட்சரிவில் சதுரக் கிணறு ஒன்றைக் கல்லாலும் செங்கல்லாலும் இறக்கி, நீரின் வேகத்தை அதற்குள் அடக்கினார்கள். சிங்களத்தில் பிசோகொட்டுவ எனப்படும் இந்த அமைப்பின் சிறப்பை நவீன உலகுக்கு விரிவாக எடுத்துச் சொன்னவர் குடியேற்ற ஆட்சிக்கால நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர். 1909இல் வெளியான ‘பண்டைய இலங்கை’ என்ற அவருடைய ஆங்கில நூலில் வவுனிக்குளமும் வவுனியாவின் பாவற்குளமும் தீவின் மிகப் பழைய பெருங்குளங்களின் வரிசையில் வைத்துப் பேசப்படுகின்றன. செங்கற்களின் நீள அகலத் தடிப்பை அளந்து, காலம் செல்லச் செல்லக் கல் சிறுத்து வந்தது என்ற கணக்கில் அவர் காலம் குறித்தார். பழைய செங்கல்லை எடுத்துப் புதிய வேலைக்கு வைப்பது எக்காலத்திலும் உள்ள வழக்கம் என்பதால் அந்தக் காலக்கணிப்பை அப்படியே ஏற்கத் தேவையில்லை. ஆனால் கையில் அளவுகோலோடு துருசுக்குள் இறங்கிய மனிதரின் குறிப்பு நூறாண்டு கடந்தும் விவாதிக்கத்தக்கதாக இருக்கிறது. அளவு இருந்தால்தான் மறுப்பும் எழ முடியும்.

இது பொறியியலாளர் வேலை, கட்டடக்கலையாளருக்கு இங்கே என்ன அலுவல் என்று கேட்பவர்கள் எங்கள் துறைக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு உலகம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஈரானின் சூஷ்தர் நீர் அமைப்பு 2009இலும், பாலித் தீவின் சுபக் நீர்ப்பகிர்வு நிலத்தோற்றம் 2012இலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. எங்கள் தீவின் உலர்வலயக் குளத்தொடர் முறைமையை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் விவசாய மரபுரிமையாக ஏற்றிருக்கிறது. இன்னும் கிட்டிய உதாரணமும் உண்டு. ஜெஃப்ரி பாவா 1990களில் கண்டலம குளத்தின் கரையில் கட்டிய விடுதியைப் படிக்காத கட்டடக்கலை மாணவர் இலங்கையில் இருக்கமாட்டார். விடுதியின் தள வரைபடம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த விடுதி பார்த்துக்கொண்டிருக்கும் குளக்கட்டின் குறுக்குவெட்டை வரையச் சொன்னால் வகுப்பில் எத்தனை பேர் பென்சிலை எடுப்பார்கள்? குளத்தைப் பின்னணிக் காட்சியாக மட்டும் பார்க்கப் பழக்கியது எங்கள் பாடத்திட்டம்தான்.

இந்தப் பழக்கத்தின் விலை புனரமைப்பின்போது தெரிகிறது. யுத்தத்தால் சிதைந்த குளங்களைத் திருத்தாமல் மக்கள் திரும்பிவந்து வாழ முடியாது. பழைய துருசு ஒழுகினால் அதை மாற்றத்தான் வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சியில் யாரும் பழைமைக்காகப் பாதுகாப்பைக் குறைக்கச் சொல்லமாட்டார்கள். ஆனால் பழைய கல்லை எடுத்துக் கொங்கிறீற் பெட்டியையும் இரும்புக் கதவையும் வைப்பதற்கு முன்னர், அங்கே இருந்தது என்ன என்று ஒரு தாளில் வரைந்து வைப்பதற்கு ஒப்பந்தகாரருக்கு ஒரு வாரம்கூடப் பிந்தாது. இரணைமடுவை எடுத்துக்கொள்வோம். பார்க்கர் 1885இல் திட்டம் வரைந்தார். வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் அண்மைக் காலத்திலும் கட்டு மேலும் உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு உயர்த்தலும் சரிவை, வானை, வாய்க்காலின் தலையை மாற்றியிருக்கிறது. அதற்கும் அடியில், இத்தீவின் வரலாற்றுக்கு முந்திய கல்லாயுத ஆய்வுகளில் ‘இரணைமடு உருவாக்கம்’ என்றே பெயர்பெற்ற பரல்மண் படை கிடக்கிறது. கல்லாயுத மனிதரிலிருந்து காலபோகத்துக்கு நீர் பங்கிடும் கமக்காரர் வரை ஒரே குறுக்குவெட்டில் அடங்கும் இடம் இலங்கையில் வேறெங்கும் எளிதில் கிடையாது. ஒரு பயணிக்கு இதைக் காட்டும் வரைபடப் பலகை இரணைமடுக் கட்டில் நிற்கவேண்டும்.

இந்த வாதத்துக்கு வரும் மிகக் கனதியான எதிர்ப்பு கமக்காரரிடமிருந்து வருகிறது. ‘மரபுரிமை’ என்று யாராவது சொன்னால் முல்லைத்தீவில் அடுத்து வருவது தொல்லியல் திணைக்களத்தின் எல்லைக்கல். தண்ணிமுறிப்புப் பக்கமுள்ள குருந்தூர்மலையில் 2021 ஜனவரியில் அகழ்வு தொடங்கியதிலிருந்து சுற்றியுள்ள வயற்காணிகள் சர்ச்சைக்குள்ளாகின. நீதிமன்றக் கட்டளைகளை மீறிக் கட்டுமானம் நடந்ததென்ற முறைப்பாடுகள் எழுந்தன. 2023 ஜூனில் தொல்லியல் பணிப்பாளர் நாயகம் பதவி விலகினார். அதே ஆண்டு செப்டெம்பரில், இவ்விவகாரத்தை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி அச்சுறுத்தல் இருப்பதாகக் கூறிப் பதவி துறந்து நாட்டை விட்டு வெளியேறினார். வெடுக்குநாறி மலையில் 2024 சிவராத்திரி இரவு நடந்த கைதுகளும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு, அளவுநாடாவோடு குளக்கட்டில் ஏறும் ஒருவரைக் கமக்காரர் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயமானது. அந்தச் சந்தேகத்தை விழிப்புணர்வுக் கூட்டம் வைத்துப் போக்கலாம் என்று நினைப்பது அவர்களை அவமதிப்பதாகும். சட்ட வழியை மாற்றவேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பிரகடனம் செய்வதும், ஒரு குளத்தை ஆவணப்படுத்துவதும் வெவ்வேறு காரியங்கள். 80 ஹெக்டேயருக்குக் குறைந்த நிலத்துக்கு நீர் தரும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அந்தஸ்தும் கொடுத்திருக்கிறது. வரைபடத்தின் மூலப்பிரதி அந்த அமைப்பிடம் இருக்கட்டும். அதன் சம்மதமின்றி எந்தத் திணைக்களத்துக்கும் போகவேண்டாம். காணிச் சிக்கல் வரும் நாளில், கட்டு எங்கே, வாய்க்கால் எங்கே, எந்த வயல் எக்காலமாக இந்த நீரை உண்கிறது என்று காட்டும் அளந்த வரைபடம் கமக்காரர் கையிலிருக்கும் சாட்சியாகும்.

குளம் யாருடையது என்ற வழக்கும் இங்கேதான் வந்து நிற்கும். பார்க்கர் அநுராதபுர அரசர்களின் பெயர்களோடு பொருத்திய குளங்களை ஒரு தரப்பு தன் உறுதிப்பத்திரமாகக் காட்டுகிறது. மறுதரப்பு எல்லாவற்றையும் வன்னிமைகளின் கணக்கில் எழுதுகிறது. இரண்டும் குளத்தை ஒரே நாளில் கட்டிமுடித்த பொருளாக நினைக்கின்றன. வவுனிக்குளத்தின் பழைய கட்டு உடைந்து காடாகி, கடந்த நூற்றாண்டில் திருத்தப்பட்டுக் குடியேற்றத் திட்டத்துக்கு நீர் கொடுத்தது. முதற்கூடை மண்ணைக் கொட்டியவர் பேசிய மொழியை அந்தக் கட்டிலிருந்து படிக்க முடியாது. எத்தனை முறை உடைந்தது, எப்படி ஒட்டப்பட்டது என்பதைப் படிக்கலாம். மண்படைகளை ஒவ்வொன்றாகக் காட்டும் வரைபடம் இரு தரப்பையும் ஏமாற்றமடையச் செய்யக்கூடும். அதுவே அதன் நேர்மை.

யுத்த நினைவைக் குளம் காட்டி மறைக்கப் பார்க்கிறோமா என்றும் கேட்கலாம். அழகிய நீர்ப்பரப்பைச் சுற்றுலா அட்டையில் போட்டு முள்ளிவாய்க்காலை மூடிவிடும் ஆபத்து உண்மையானது. அதற்கு இடங்கொடுக்கும் வழிகாட்டி இத்தொழிலுக்குத் தகுதியற்றவர். ஆனால் வன்னியின் குளங்கள் யுத்தத்துக்கு வெளியே இருந்தவை அல்ல. 2009 ஜனவரியில் கல்மடுக்குளத்தின் கட்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு வெள்ளம் பாய்ந்தது. விழுந்த நீர்த்தாங்கி காட்சிப் பொருளானது. உடைந்த கட்டு மறுபடி கட்டப்பட்டு நெல்லுக்கு நீர் கொடுக்கிறது. நீர்த்தாங்கியின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு போன பயணியைக் கல்மடுவுக்கும் அழைத்துச் சென்று, எந்த இடத்தில் உடைந்தது என்று காட்டினால் யுத்தம் இன்னும் தெளிவாக விளங்கும். பருவம் பார்த்து அழைப்பதும் முக்கியம். மார்கழியில் வான் பாயும் காட்சி கண்ணைக் கவரும். ஆனால் கட்டடம் தெரிவது நீர் வற்றி அலைகரைக் கற்கள் வெளிப்படும் ஆவணியில். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வருபவர்களுக்கு முள்ளியவளையிலிருந்து நந்திக்கடற்கரை வரையுள்ள நிலத்தின் ஒழுங்கை விளக்க ஒரு வழிகாட்டிக்குக் கடல்நீரில் விளக்கெரியும் கதை மட்டும் போதாது. வயலும் குளமும் கடல்நீரேரியும் ஏன் இந்த வரிசையில் இருக்கின்றன என்பதும் தெரிந்திருக்கவேண்டும். கட்டில் தேநீர்க் கடைகளும் வாகனத் தரிப்பும் வரும் என்ற அச்சத்துக்குப் பதில் எளிது: கட்டு வண்டி ஏறும் இடமல்ல என்று கமக்காரர் அமைப்பு ஒரு சங்கிலி போட்டால் முடிந்தது.

ஆகவே சக துறையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் புனரமைப்புக்கு நிதி ஒதுக்கப்பட்டுள்ள ஒரு சிறுகுளத்தைத் தெரிவுசெய்யுங்கள். கமக்காரர் அமைப்பின் தலைவரிடம் முதலில் பேசுங்கள். கட்டின் குறுக்குவெட்டு, துருசின் விரிவு, வானிலிருந்து வயல் வரையான மட்டம் ஆகியவற்றை வேலை தொடங்குமுன் வரைந்துவிடுங்கள். நீர் திறந்துவிடும் முதியவரின் விளக்கத்தை அவர் சொன்ன சொற்களிலேயே பக்கத்தில் எழுதுங்கள். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது; வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனித்து இயங்குகிறது; மாணவர் கைகளுக்குக் குறைவில்லை. ஊர் அமைப்பின் சம்மதத்தோடு வரும் வரைபடங்களுக்கு இவ்விதழ் பக்கம் ஒதுக்கும். ஆவணியில் நீர் வற்றும். ஐப்பசி மழைக்கு முன்னர் அளந்து முடித்துவிடுங்கள்.