வாங்குகிறவரை விரட்டாதீர்கள்

சென்ற இதழில் வெளியான வீட்டுச் சந்தைக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடோ மனையோ வாங்க நினைப்பவர்கள் இந்த ஆண்டுக்குள் வாங்கிவிட வேண்டும், தயங்கினால் இனி ஒருபோதும் வாங்க முடியாது என்கிறார் கட்டுரையாளர். வாடகை வீண்பணம், மாதத் தவணை சேமிப்பு, நிலத்தின் விலை இறங்கியதே இல்லை, பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கிற வழிகாட்டி மதிப்பை ஏற்றிக்கொண்டே போவது அதற்குச் சாட்சி, அப்ரூவலும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவான ரெரா எண்ணும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அட்வான்ஸ் கொடுக்கலாம் என்பவை அவருடைய வாதங்கள். விற்கிறவர்களுக்கும் ஒரு யோசனை தருகிறார்: பத்திரத்தில் தொகையைக் குறைத்துக் காட்டி, மிச்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டால் இரு தரப்புக்கும் லாபமாம்.

நான் பத்திரமும் வில்லங்கமும் பார்க்கிற வழக்கறிஞர். இந்த வாதங்களை நம்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு. ஆகவே இதை மரியாதைக்காக மென்மையாகச் சொல்லப்போவதில்லை. அந்தக் கட்டுரை தவறானது. சம்பளம் வாங்கிச் சேர்த்த பணத்தில் வாழ்நாளில் ஒரே ஒரு வீடு வாங்கப்போகிற குடும்பத்துக்கு அது ஆபத்தானதும்கூட.

முதலில் வாடகைக் கணக்கு. கட்டுரையாளர் கணக்கே போடாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், நான் போடுகிறேன். புறநகரில் 65 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய பிளாட். அதே பிளாட் 20,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர் 50 லட்சம் கடன் எடுக்கிறார், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. தவணை மாதம் சுமார் 43,400 ரூபாய். முதல் ஆண்டில் அவர் கட்டுகிற 5 லட்சத்து 20 ஆயிரத்தில் ஏறத்தாழ 4 லட்சத்து 21 ஆயிரம் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது ஒரு லட்சம்கூட இல்லை. அதாவது மாதம் 20,000 வாடகை வீண் என்று சொல்லி, மாதம் 35,000 வட்டி கட்டுவதைச் சேமிப்பு என்கிறார். 20 ஆண்டும் கட்டி முடித்தால் வட்டி மட்டும் 54 லட்சம். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 65 லட்சத்துக்கு 5 லட்சத்து 85 ஆயிரம். இருபத்தொன்பது மாத வாடகை பதிவு நாளன்றே போய்விடுகிறது. இந்தப் பதிவுச் செலவுக்கு வங்கிக் கடனும் கிடைக்காது, கைப்பணம்தான்.

வீடு வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொந்த வீட்டின் நிம்மதிக்கு ஒரு விலை உண்டு, அதை மனமறிந்து கொடுக்கலாம். ஆனால் அது விலை என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். சேமிப்பு என்று ஏமாற்றி அதை வாங்க வைக்கக் கூடாது.

வாடகை ஏறும், தவணை ஏறாது என்றும் எழுதியிருக்கிறார். 2022 மே மாதத் தொடக்கத்தில் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தருகிற ரெப்போ விகிதம் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தருகிற மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, பெரும்பாலும் ரெப்போவோடு. 7 சதவீதத்தில் 50 லட்சம் எடுத்தவரின் தவணை 38,765 ரூபாய். வட்டி இரண்டரை சதவீதம் ஏறினால், கடன் எடுத்த புதிதில், ஒரு மாத வட்டியே 39,500 ரூபாயைத் தாண்டுகிறது. தவணை வட்டிக்கே பற்றவில்லை. அசல் எங்கே குறையும்? தவணையை ஏற்றாமல் வங்கிகள் கடன் காலத்தை நீட்டின. ஓய்வு பெறுவதற்குள் முடிய வேண்டிய கடன் ஓய்வுக்குப் பிறகும் நீண்டது. இதனால் எழுந்த குமுறல் வலுத்த பிறகே, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பிறகு 2025-இல் விகிதம் இறங்கியது உண்மைதான். ஏறவும் இறங்கவும் செய்கிற ஒன்றை நிலையானது என்று எழுதியது எப்படி?

வரிச்சலுகையையும் அவர் துணைக்கு அழைக்கிறார். குடியிருக்கிற வீட்டின் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரையிலான கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு. இன்று இயல்பாக எல்லோருக்கும் பொருந்துகிற புதிய முறையில் அது கிடையாது. இந்த ஒரு வரியை எழுத அவருக்கு இடமில்லாமல் போயிருக்காது.

இனி வழிகாட்டி மதிப்பு. அரசே மதிப்பை ஏற்றுகிறது என்றால் சந்தை ஏறுகிறது என்றுதானே பொருள் என்று கேட்கிறார். 2017 ஜூனில் தமிழக அரசு மாநிலம் முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை 1-இலிருந்து 4 சதவீதமாக ஏற்றியது. அன்று காலை யாருடைய மனையாவது மூன்றில் ஒரு பங்கு விலை குறைந்து விற்றதா? 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பினார்கள், பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். 2024 ஜூலையில் மீண்டும் திருத்தம். இவை அரசின் வருவாய்க்கான எண்கள். இதைச் சந்தையின் நாடித்துடிப்பு என்று காட்டுவது, இந்த வரலாறு தெரியாதவர் செய்கிற வேலை, அல்லது தெரிந்தும் வாசகருக்குத் தெரியாது என்று நம்புகிறவர் செய்கிற வேலை.

நிலத்தின் விலை இறங்கியதே இல்லை என்பதற்கு வருவோம். இறங்கியது பதிவாகவில்லை, அவ்வளவுதான். வாங்க ஆள் இல்லாதபோது உரிமையாளர் விலையைக் குறைத்துச் சொல்வதில்லை, விற்காமல் காத்திருக்கிறார். புரோக்கர் பழைய விலையையே சொல்லிக்கொண்டிருக்கிறார். விலை நிற்கிறது, பணம் வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியதும் அந்தச் சாலையெங்கும் மனைப்பிரிவுகள் முளைத்தன. 2014 நவம்பரில் ஆலை நின்றது. வாடகைக்கு ஆள் வருவார்கள், ஐந்தே ஆண்டில் இரட்டிப்பாகும் என்று கேட்டு வாங்கியவர்களின் நிலைமையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

அதைவிடப் பெரிய பாடம் 2016 செப்டம்பர். விளைநிலங்களைக் கூறு போட்டு விற்ற அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரே நாளில் தமிழ்நாடு முழுக்க லட்சக்கணக்கான மனைகள் விற்கவும் முடியாத, அடமானம் வைக்கவும் முடியாத காகிதங்களாயின. மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்டிருந்தவர்கள் கல்யாண நேரத்தில் கந்துவட்டிக்குப் போனார்கள். 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்தலாம் என்றார்கள். அந்தக் கட்டணத்தைக் கட்டியவர் மனை போட்டு விற்ற ஆள் இல்லை. அவசரப்பட்டு வாங்கியவர்தான். அவசரப்படுத்திய ஆலோசகர்கள் அந்தச் செலவில் ஒரு பைசா பங்கெடுக்கவில்லை.

அப்ரூவலும் ரெரா எண்ணும் போதும் என்கிற வாதம்தான் எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்குகிறது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இடிந்து விழுந்த பதினொரு மாடிக் கட்டடம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) அனுமதி பெற்றது. 61 பேர் செத்தார்கள். அனுமதி என்பது வரைபடத்துக்கு. மண்ணுக்கும் கம்பிக்கும் சிமெண்டுக்கும் அது பொறுப்பேற்காது. ரெரா சட்டம் நல்ல சட்டம். 2017 மே முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்து வாங்குகிறவர் கையில் உண்மையான பலத்தைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தப் பலம் எண்ணைப் பார்த்து மகிழ்வதில் இல்லை. ஆணையத்தின் தளத்தில் அந்தத் திட்டத்தைத் திறந்து, முடிக்க வேண்டிய தேதி எது, எத்தனை முறை நீட்டினார்கள், என்னென்ன வழக்குகளைக் காட்டியிருக்கிறார்கள் என்று படிப்பதில் இருக்கிறது. வாங்குகிறவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதும், ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும், சொன்ன தேதியில் தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பதும், ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் கட்டுநர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் "கண்ணை மூடிக்கொண்டு" என்று எழுத எப்படி மனம் வந்தது?

தாய்ப்பத்திரம் பற்றியும் அவர் பேசவில்லை. வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்றால் சொத்து சுத்தம் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதிவாகாத உயில் வராது. நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் பாகப்பிரிவினை வழக்கு வராமல் போகலாம். அண்ணன் தம்பி கையெழுத்துப் போட்டு, தங்கையின் பங்கை விட்டுவிட்ட பத்திரங்களை எத்தனை பார்த்துவிட்டேன்! குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கம், மூலப்பத்திரங்களின் அசல், வாரிசுச் சான்று, பட்டா யார் பெயரில் இருக்கிறது, பிளாட் என்றால் நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் எத்தனை சதுர அடி, எல்லா பிளாட்டுகளின் பாகங்களையும் கூட்டினால் மனையின் அளவோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பவர் பத்திரத்தில் விற்கிறார்கள் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அது ரத்தாகவில்லையா. இவற்றை வங்கியின் வழக்கறிஞர் பார்த்துவிட்டாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் வங்கியின் கடனுக்காகப் பார்க்கிறார். உங்களுக்காகப் பார்க்க நீங்கள் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் சில வாரங்கள் ஆகும். இந்த வாரமே அட்வான்ஸ் போடாவிட்டால் வேறு பார்ட்டிக்குப் போய்விடும் என்று யாராவது சொன்னால், போகட்டும் என்று விடுங்கள்.

தண்ணீர் பற்றிய கட்டுரையாளரின் பத்தியைக் கடந்துபோக முடியவில்லை. 2015 வெள்ளம் நூறாண்டுக்கு ஒருமுறை வருவது, அதற்குப் பயந்து தென்சென்னையில் நல்ல வாய்ப்பை விடக் கூடாது என்கிறார். எட்டே ஆண்டில், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மறுபடி மூழ்கின. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்றின் கரையில் வீடு வாங்கியவர்கள் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் ஈரநிலத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இடைக்காலமாக உத்தரவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் பிளாட் முன்பதிவு செய்தவரின் பணம் நீதிமன்றத் தேதிகளோடு கட்டப்பட்டுவிடும். வெள்ளம் கட்டுரையாளருக்குக் காப்பீடு கோருகிற விஷயமாக மட்டும் தெரிகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற முதியவர்களுக்கு அப்படித் தெரியாது. வாங்க நினைக்கிற தெருவை நவம்பர் மாத மழையில் போய்ப் பாருங்கள். விற்பவரைக் கேட்காதீர்கள், தெருமுனைக் கடைக்காரரையும், தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவரையும் கேளுங்கள். 2015-லும் 2023-லும் தண்ணீர் எந்த மட்டம்வரை வந்தது என்று கையை வைத்துக் காட்டுவார்கள்.

இனி அவர் விற்கிறவர்களுக்குச் சொன்னது. 80 லட்சத்துக்கு விற்கிற வீட்டை 50 லட்சம் என்று எழுதினால் இரு தரப்புக்கும் லாபம் என்கிறார். விற்கிறவருக்கு என்ன நடக்கும்? அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவையும் அபராதமாகப் போடலாம். 30 லட்சம் வாங்கினால் 30 லட்சம். அந்த அபராதம் வீட்டை வாங்குகிற தரப்பின் மேல் இல்லை. பணம் பெற்றவரின் மேல். வாங்குகிறவருக்கு என்ன நடக்கும்? வங்கி பத்திர மதிப்புக்கே கடன் தரும். நாளை அவர் விற்கும்போது அவருடைய வாங்கிய விலை 50 லட்சம்தான். காட்டாத 30 லட்சமும் மூலதன ஆதாயமாகி, 12.5 சதவீத வரியில் 3 லட்சத்து 75 ஆயிரம் கூடுதலாகக் கட்டுவார். உரிமையில் குறை வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டால் பத்திரத்தில் உள்ளதை மட்டும்தான் நிரூபிக்க முடியும். சொத்து வழக்குகளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கைமாறியதாகச் சொல்லப்பட்டால் வருமானவரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒரு பத்திரிகையில், ஆலோசனை என்ற பெயரில், இதை அச்சிட்டிருக்கிறார்கள்.

விற்கிறவருக்கு உண்மையில் உதவுகிற வேலைகள் வேறு. பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றி வையுங்கள். பழைய கடனை முடித்திருந்தால் வங்கியிலிருந்து அசல் பத்திரங்களை வாங்கி, அடமான ரத்து ஆவணத்தையும் பதிவு செய்து வையுங்கள். சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகளை ஒழுங்குபடுத்துங்கள். அப்பா பெயரில் இருக்கும் வீடு என்றால் உடன்பிறந்தவர்கள் எல்லோரிடமும் விலை பேசுவதற்கு முன்பே பேசி முடியுங்கள்; அட்வான்ஸ் வாங்கிய பிறகு பேசினால் அது சண்டையாகும். 50 லட்சமோ அதற்கு மேலோ போகும் விற்பனையில் வாங்குகிறவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்றால், 12.5 சதவீதமா, பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதமா, எதில் வரி குறைவு என்று ஆடிட்டரிடம் கேட்டுத் தேர்ந்துகொள்ளலாம். காகிதம் சுத்தமான வீட்டுக்கு வாங்க ஆள் வருவார்கள். கறுப்புப் பணத்தின் துணை வேண்டாம்.

கட்டுரையாளர் தம் கட்டுரையில் மூன்று பகுதிகளைப் பரிந்துரைத்திருக்கிறார். அவர் தரகு வேலையும் செய்கிறாரா என்று எனக்குத் தெரியாது. செய்கிறார் என்றால் ரெரா சட்டப்படி முகவருக்கும் பதிவு எண் வேண்டும், அதைக் கட்டுரையின் அடியில் அவர் போட வேண்டும். அடுத்த இதழில் பதில் எழுதுவார் என்றால் எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: அந்த மூன்று பகுதிகளிலும் 2015-இல், 2023-இல் தண்ணீர் எவ்வளவு நின்றது, அங்கே விற்பனைக்கு இருக்கிற திட்டங்களில் எவை சொன்ன தேதியைத் தாண்டி நிற்கின்றன, அவற்றோடு அவருக்கு ஏதாவது பணத் தொடர்பு உண்டா. இந்த மூன்றையும் எழுதட்டும்.